தம்பி அனுப்பிய ஆறுமுனை நட்சத்திரம்

தம்பியின் பார்சல் வந்த அன்று அம்மாவுக்குக் கந்த சஷ்டி விரதத்தின் முதல் நாள். அவனைக் கனடாவுக்குக் கூப்பிடும் விண்ணப்பப் போம்கள் வந்துவிட்டன என்று நினைத்து, கைகால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டுதான் பார்சலைத் தொட்டார். அந்தப் போம்களுக்காக மூன்று மாதமாகக் காத்துக்கொண்டிருந்தோம். ஊரில் யுத்தம் என்று மூன்று பேரும் வெளிக்கிட்டு, அம்மாவும் நானும் எப்படியோ ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். தம்பி வழியில் ஹொலன்டில் இறங்கி அங்கேயே நின்றுவிட்டான். அவனையும் இங்கே கூப்பிட நான் எல்லாத் தாள்களையும் நிரப்பி, கையெழுத்து வரவேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டு அனுப்பியிருந்தேன். அவன் பேனையை எடுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

பார்சலுக்குள் போம் இல்லை. ஒரு பெட்டி சொக்கலேற், நடுவில் அகலமான சிவப்புப் பட்டை ஓடும் வெள்ளை ரீசேட் ஒன்று, மடித்த துணி ஒன்று. துணியை விரித்தோம். ஒரு முக்கோணத்தின் மேல் இன்னொரு முக்கோணத்தைத் தலைகீழாக வைத்தது போல, வெள்ளைத் துணியின் நடுவில் சிவப்புக் கோடுகளால் ஆன ஒரு நட்சத்திரம். ஓரத்தில் சின்ன எழுத்தில் அம்ஸ்ரடாம் என்று இருந்தது. கூடவே ஒரு துண்டுக் கடதாசி: “அக்கா, இது எங்கட கழகத்துக் கொடி. இந்த வருசம் ஐரோப்பாவில நாங்கள்தான் முதலாவது.”

நாங்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்தைக் கேட்டால் பந்தடிக் கதை எழுதுகிறான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அம்மாவின் காதில் அது ஏறவில்லை. துணியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். “உது சரவணபவச் சக்கரமெல்லோ,” என்றார். முருகன் கோயிலுக்குப் போகிற எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதே இரண்டு முக்கோணம், அதே ஆறு முனை. முனைக்கொரு எழுத்தாக ஆறெழுத்தும் நடுவில் ஓமும் எழுதிவிட்டால் முடிந்தது. நிறமும் முருகனின் சிவப்பு. “சஷ்டிக்கெண்டு நாள் பாத்து அனுப்பியிருக்கிறான். அங்க போயும் பிள்ளை முருகனை மறக்கேல்லை.”

“அம்மா, அது புட்போல் கழகத்தின்ர கொடி.”

“கழகம் ஆருடையதெண்டாலும் இருக்கட்டும். நட்சத்திரம் ஆருடையது?”

ஹொலன்டில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்துக்குச் சரவணபவச் சக்கரம் எதற்கு என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா குங்குமத்தைக் குழைத்து ஆறு முனையிலும் எழுத்து வைத்தார், நடுவில் ஓம் போட்டார், வாசல் கதவின் வெளிப்பக்கத்தில் பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணத்துக்குக் கீழே தொங்கவிட்டார். ஆறு நாளும் பாலும் பழமும்தான், விரதம் முடிவதற்குள் தம்பியின் கையெழுத்து வரவேண்டும் என்று நேர்த்தி வைத்தார்.

அந்தக் கழகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தம்பியின் கடிதங்களில் வந்ததுதான். சாப்பிட்டாயா, குளிர்ச்சட்டை வாங்கினாயா என்று நான் கேட்டு எழுதுவேன். அவன் கழகத்தின் சரித்திரத்தை எழுதுவான். எழுபதுகளில் தொடர்ந்து மூன்று வருடம் ஐரோப்பாவை வென்றார்களாம். பின்னால் நிற்கிறவன் முன்னுக்கு ஓடுவானாம், முன்னால் நிற்கிறவன் பின்னுக்கு வருவானாம், ஆருக்கும் நிரந்தர இடம் கிடையாதாம். சின்னப் பெடியன்களைத் தாங்களே பள்ளிக்கூடம் வைத்து வளர்ப்பார்களாம். தென்னமெரிக்காவில் ஹொலன்ட்காரர் ஆண்ட ஊரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் அணியில் இருக்கிறார்களாம், எங்களைப் போலக் கறுப்பாம். கழகத்துக்கு வைத்திருப்பது ஒரு கிரேக்க வீரனின் பெயர். நான் வாசிகசாலையில் தேடிப் பார்த்தேன். அந்த வீரன் மானம் போய்த் தன் வாளில் தானே விழுந்து செத்தவன். வெல்லுகிற கழகத்துக்கு வைக்க வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று எழுதிக் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

விரதத்தின் நாலாம் நாள், டோனட் கடையில் காலை வேலை முடித்துவிட்டு வருகிறேன், எங்கள் கதவுக்கு முன்னால் ஒரு கிழவர் நிற்கிறார். அதே மாடியில் கடைசி வீட்டில் தனியாக இருப்பவர். இந்தச் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக்கு நாங்கள் வந்த நாளிலிருந்து எலிவேற்றருக்குள் தலையாட்டுவதைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. கையில் பால் பை தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை என்று போன மாதம்தான் ஒரு பெண் கட்டடத்தைப் பார்க்கிற சுப்பரின்ரென்டனிடம் எங்களைப் பற்றி முறையிட்டிருந்தாள். இவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, சண்டைக்கு ஆங்கிலச் சொற்களை மனதில் அடுக்கிக்கொண்டே கிட்டப் போனேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. நீங்கள் யூதர்களா என்று கேட்டார்.

இல்லை, சைவர்கள் என்றேன். அப்படியென்றால் இது என்ன என்று துணியைக் காட்டினார். எங்கள் கடவுளின் நட்சத்திரம் என்றேன். இல்லை, இது யூதர்களின் நட்சத்திரம், எங்களுடையது என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து அந்த ஓரத்து எழுத்தை வாசித்தார். பிறகு, இது என் ஊர் என்றார். கடவுளின் பெயரும் யூதரின் அடையாளமும் அவருடைய ஊரும் ஒரே துணியில் எப்படி வந்தன என்று அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. கதவைத் திறந்த அம்மா, விருந்தாளி என்று நினைத்து அவரை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி போட்டார்.

இது தம்பியின் உதைபந்துக் கழகத்துக் கொடி என்று நான் சொன்னதும், குசினி மேசையில் இருந்துகொண்டு அவர் சொன்னதை என் அரைகுறை ஆங்கிலத்தில் நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். கழகத்தின் மைதானம் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெயினில் வந்து இறங்குகிறவர்கள் யூதர்கள் இருந்த தெருக்கள் வழியாகத்தான் நடந்து போவார்கள். இவருடைய தகப்பன் அந்தக் கூட்டத்துக்கு வண்டிலில் வைத்து உப்பில் ஊறிய வெள்ளரிக்காய் விற்றவர். ஆட்டம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. யுத்தத்தில் ஜெர்மன்காரன் அந்தத் தெருவையே வழித்துக்கொண்டு போனான். இவரை மட்டும் வயல் செய்கிற ஒரு கமக்காரக் குடும்பம் ஒளித்து வைத்திருந்தது. திரும்பி வந்தபோது வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அதன் பிறகு கனடா.

பல வருடம் கழித்து ஊரைப் பார்க்கப் போனபோது ரெயினுக்குள் ஒரு கூட்டம் இளைஞர்கள் இதே கொடியைப் போர்த்திக்கொண்டு, நாங்கள் யூதர், நாங்கள் யூதர் என்று பாடிக்கொண்டு வந்தார்களாம். ஒருவனைப் பிடித்து, நீ யூதனா என்று கேட்டாராம். சீ இல்லை, நான் அந்தக் கழகத்து ஆள், அவ்வளவுதான் என்றானாம். “நான் உயிர் பிழைக்க மறைத்ததை அவன் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்,” என்றார் கிழவர்.

“உவர் என்னவாம்?” என்று அம்மா கேட்டார்.

“உவற்ற ஊர்க் கொடியாம்.”

“அங்கயும் முருகன் கோயில் இருக்குதாமோ?”

நான் கிழவரின் கோப்பைக்குள் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். எதை எங்கிருந்து மொழிபெயர்ப்பது என்று தெரியவில்லை.

எழும்பும்போது கிழவர், அந்தத் துணியை உள்ளே எடுத்துவிடுங்கள், எலிவேற்றருக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்ட என்னால் முடியாது என்றார். சரி என்றேன். பத்து அடி நடந்துவிட்டுத் திரும்பி, வேண்டாம், இருக்கட்டும் என்றார். தன் கதவடியில் நின்று, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அன்று பின்னேரமே அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஒரு ரெலிபோன் காட் வாங்கித் தம்பிக்கு எடுத்தேன்.

“உன்ர கழகம் யூதற்ற கழகமோ?”

“இல்லையக்கா,” என்று சிரித்தான். “முந்தி மைதானத்தடியில அவை கனபேர் இருந்தவை. ஆட்டம் பாக்கவும் வாறவை. அதைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கழகக்காரர் எங்களைப் பாத்து யூதர் எண்டு பழிச்சுக் கத்தத் துவங்கினவங்கள். எங்கடையாக்கள், ஓம், யூதர்தான், இப்ப என்ன எண்டு திருப்பிக் கத்திச்சினம். அப்பிடியே நிண்டிட்டுது.”

“நீயும் கத்துவியோ?”

“ஓம்.”

“நீ ஆரடா?”

அவன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு சொன்னான். “சில இடத்தில மற்றக் கழகக்காரர் எங்களைப் பாத்து உஸ் எண்டு சத்தம் போடுவாங்கள், அக்கா. ஜெர்மன்காரன் யூதரைக் கொல்லத் திறந்த நச்சுவாயுச் சத்தமாம். எனக்கு முதல் விளங்கேல்லை. ஒருக்கா ரெயினில வைச்சு அடிச்சவங்கள். எனக்கொரு பல்லுப் போயிட்டுது. அப்ப பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரன் ஒருத்தன், பேரும் தெரியாது, இவன் எங்கட ஆள் எண்டு எனக்கு முன்னால வந்து நிண்டான். இஞ்ச வந்து ஆறு வருசம். ஒருத்தர் அப்பிடிச் சொன்னது அண்டைக்குத்தான்.”

“அதுக்கும் போமுக்கும் என்ன?”

“போம் மேசை லாச்சிக்குள்ள கிடக்குது. நான் கையெழுத்து வைக்கமாட்டன். திரும்பவும் முதலில இருந்து இன்னொரு ஊரில துவங்க என்னால ஏலாது. அம்மாட்டை நீங்கதான் சொல்லவேணும்.”

ஒரு பந்துக்காகப் பெற்ற தாயை விடுகிறாயா என்று கத்தினேன். அவர்கள் நாளைக்குத் தோற்றால் உன்னை ஆரென்று கேட்பார்கள் பார் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ரெலிபோன் காட்டில் காசு முடிந்து தொடர்பு அறுந்துபோனதால் அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

விரதத்தில் கிடக்கிற மனுசியிடம் அதை எப்படிச் சொல்வது. இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். கதவில் அந்தத் துணியைக் காணும்போதெல்லாம் ஒவ்வொரு முறை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒரு நேரம் முருகன், ஒரு நேரம் அந்தக் கிழவரின் வெறும் தெரு, ஒரு நேரம் ரெயினுக்குள் இரத்த வாயோடு நிற்கிற தம்பி. ஆறாம் நாள் கோயிலில் சூரன்போர் முடிந்து, ஏழாம் நாள் காலை அம்மா பாறணை பண்ணி, சோறு கறியோடு வயிறாறச் சாப்பிட்ட பிறகுதான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிழவரின் கதை, கொடியின் கதை, பல், லாச்சிக்குள் கிடக்கிற போம்.

அம்மா எச்சில் கையோடு இருந்தார். அழுவார் என்று நினைத்தேன். “முன்பல்லோ கடவாய்ப்பல்லோ?” என்று கேட்டார்.

நான் கேட்கவில்லையே என்றேன். அதைக் கேட்காமல் என்ன கதைத்தாய் என்று என்னை ஏசினார்.

பிறகு எழும்பிக் கை கழுவிவிட்டு வந்தார். “தமிழன் எண்டு அடி வாங்கினது போதாதோ. இப்ப இன்னொருத்தற்ற பேரையும் எடுத்துப் போட்டுக்கொண்டு அடி வாங்குறானே, இவனுக்கு என்ன விசரோ?” இன்றைக்கு வரைக்கும் தம்பி செய்தது துணிச்சலா, விசரா, இன்னொருத்தரின் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஆடிய விளையாட்டா என்று நான் மாறி மாறி யோசித்திருக்கிறேன். ஒருநாள் ஒன்று சரியாகத் தெரியும், அடுத்த நாள் மற்றது.

அம்மா வாசலுக்குப் போய்த் துணியைக் கழற்றினார். “அந்த மனுசன் இதைத் தாண்டித்தானே போகவேணும், பாவம்,” என்றார். மடித்து சாமித் தட்டில் வேலுக்குப் பின்னால் வைத்தார். குங்குமம் விரலில் பட்டதைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“உவங்கட ஆட்டம் எந்த நாளில நடக்கும்?”

“கூடுதலா ஞாயிற்றுக்கிழமைதான். ஏன்?”

“இனி வெள்ளியைப் போல ஞாயிறும் ஒருநேரம்தான் சாப்பிடப்போறன். வெல்லவேணுமெண்டில்லை. ஆட்டம் முடிய, பிள்ளை அடிபடாமல் வீட்டை போய்ச் சேர்ந்தாப் போதும்.”

அந்த நாள்வரை ஹொலன்டை அம்மா ‘அவன் நிக்கிற இடம்’ என்றுதான் சொல்லுவார், அன்றைக்குத்தான் அதை வீடு என்று சொன்னார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.