சேட் கேட்ட லில்லி

லில்லிப் பூவை நான் கண்ணால் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். ஆனால் செம்பூரில் சோப்புக்கு வாசனைக் கலவை செய்து விற்கும் ஒரு கம்பெனியில் டிரம் டிரம்மாக லில்லி கலந்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரோஜா, மல்லிகை மாதிரி லில்லியிலிருந்து எண்ணெய் இறக்க முடியாது. ஹைட்ராக்ஸி என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ரசாயனத்தோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு சரக்கைச் சேர்த்து, இதுதான் லில்லி என்று நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

இது அறுபதுகளில் நடந்தது. தாராவியிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். கெமிஸ்ட் மணி சார் சொல்லும் அளவுப்படி நிறுத்துக் கலப்பது என் வேலை. ஹைட்ராக்ஸி வெளிநாட்டுச் சரக்கு, லைசென்ஸ் இருந்தால்தான் வரும். ஒரு சொட்டு சிந்தினாலும் மணி சார் முகம் கோணும்.

லேபுக்குள் பவுடர், அத்தர், பான், பூ எதுவும் கூடாது. வெளியே முன்னறைக்கு அந்தச் சட்டம் கிடையாது. அங்கே டைப்பிஸ்ட் கமலா அக்கா, மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் வாங்கிய மல்லிகைச் சரத்தோடு தினமும் உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளருக்குப் போடும் நாற்காலி அவர் பக்கத்தில்தான்.

குர்லாவில் சோப்பு போடும் சேட் ஒருவர் லில்லி கேட்டு வந்தார். காகிதப் பட்டையில் தொட்டுக் கொடுத்த சாம்பிளை அந்த நாற்காலியில் உட்கார்ந்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "பஸ், யஹீ சாஹியே", போதும், இதுதான் வேண்டும் என்று அங்கேயே ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். டிரம் கலந்தேன். வீணாக்க மனம் வராமல் சாம்பிளில் மிஞ்சியதையும் அதிலேயே ஊற்றினேன்.

போன வேகத்தில் டிரம் திரும்பி வந்தது, பின்னாலேயே சேட்டும் வந்தார். மணி சார் அவரை நேரே லேபுக்குள் அழைத்துப் போய், டிரம்மில் தொட்ட காகிதப் பட்டையை மறுபடி முகரச் சொன்னார்.

"யே வோ நஹீ ஹை. உஸ்மே ஜான் தீ" என்றார் சேட். அதில் உயிர் இருந்தது, இதில் இல்லை என்கிறார். ஒப்பிட்டுப் பார்க்கச் சாம்பிளும் இல்லை.

மணி சார் என் பக்கம் திரும்பினார். "என்னடா பண்ணி வச்சிருக்கே அருணாசலம்? எதைக் குறைச்சே?"

"எடைல பிசகே இல்ல சார். ரெண்டு மட்டம் பாத்துதான் ஊத்துனேன்."

"அப்போ சேட்டுக்கு மூக்கு இல்லேங்கறியா? ஹைட்ராக்ஸி எங்கே போச்சு? சட்டையை மாத்திண்டு கிளம்பு. கணக்கை முன்னறையில தீர்த்துக்கோ."

குறைத்தாய் என்றால் திருடினாய் என்று அர்த்தம். வீட்டில் கைக்குழந்தை. அந்தப் பேரோடு வெளியே போனால் பம்பாயில் வேறு எந்தக் கம்பெனி என்னைச் சேர்க்கும்? அந்தக் காகிதப் பட்டையைக் கையில் பிடித்தபடியே கமலா அக்கா மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அவருக்குப் பின்னால் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு ஆற்றாமையில் பட்டையை இன்னொரு தடவை முகர்ந்தேன். சேட் சொன்ன உயிர் அங்கே இருந்தது. தினமும் அக்காவின் மல்லிகை வாசனையில் புழங்கிய எங்கள் மூக்குக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை.

"என்ன, என் தலையையே பாக்கறேள்?" என்றார் அக்கா.

சொன்னேன். சொன்னதும் பயம் வந்துவிட்டது. "விட்டுருங்கக்கா, ஒங்களுக்கு வம்பாயிரும்."

"உங்களைத் திருடன்னு அனுப்பறா. நான் பேசாம டைப் அடிச்சிண்டு உக்காந்திருக்கணுமா?"

பட்டையைப் பிடுங்கிக்கொண்டு, தலையில் பூவோடு லேபுக்குள் நுழைந்தார். மணி சார் வாய் திறப்பதற்குள் சேட் பக்கத்தில் போய் நின்றார். "அப் சூங்கியே, சேட்ஜி" என்று, இப்போது முகரச் சொன்னார்.

சேட் முகர்ந்தார். கண் தானாக மூடியது. "ஹாங்! யஹீ தோ!" ஆமாம், இதேதான் என்கிறார்.

மணி சார் தொழில் தெரிந்தவர். மல்லிகை வாசனைக்கான பென்சைல் அசிடேட் பாட்டிலை எடுத்தார். அதோடு சேர்க்கும் இண்டோல் என்ற சரக்கைத் துளியோடு நிறுத்திக்கொண்டார், கூடினால் வெள்ளைச் சோப்பு நிறம் மாறிவிடும். அதே டிரம்மைச் சரிசெய்து கொடுத்தோம், சேட் சந்தோஷமாக எடுத்துப் போனார். எனக்கு வேலை நிலைத்தது. மறுநாள் காலையில் முன்னறையிலும் பூ கூடாது என்று உத்தரவு வந்தது. கமலா அக்கா அதன்பின் வெறும் பின்னலோடுதான் வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

சாம்பிளில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் 'இது அதில்லை' என்றால், தராசு பிடித்தவனைச் சந்தேகிக்கும் முன், அவர் எங்கே உட்கார்ந்து முகர்ந்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். தொழிலில் நான் கற்ற பாடம் இவ்வளவுதான்.

சோப்பு கடைக்கு வந்ததும் சேட் எங்களுக்கு ஆளுக்கொரு பெட்டி அனுப்பினார். கமலா அக்கா உறையைப் பிரித்து முகர்ந்தார்.

"என்னைத் தலையில பூ வச்சுக்கப்படாதுன்னுட்டா. இப்போ அதே வாசனையை ஊரே தேச்சுக் குளிக்கறது, பாருங்கோ!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. அந்தப் பூவின் தயவில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.