ஓம் சொல்லாத பின்னேரம்

என் கணவருக்கு வாயில் ஒரே ஒரு சொல்தான். ஓம். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர முடியுமா என்று பேக்கரி மேலாளர் கேட்டால் ஓம். திருவிழா அன்னதானத்துக்கு ஆள் காணாது என்று அட்லிஸ்வில் கோயிலிலிருந்து கூப்பிட்டால் ஓம். யாராவது வீடு மாறும்போது அலுமாரி தூக்க ஆள் தேவை என்றால், இடுப்பைப் பிடிக்கிற நாரி நோவோடு போய் முன்னுக்கு நிற்பார். தங்கமான மனிதர் என்று சூரிச் முழுக்கப் பெயர். அந்தத் தங்கத்தோடு குடும்பம் நடத்தியவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

குடும்பம் நடத்தினோமா என்பதே சந்தேகம்தான். அவருக்குப் பேக்கரியில் இரவு வேலை. எனக்கு முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் பகல் வேலை. பிள்ளைகள் சின்னனாக இருந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும் என்று செய்த ஒழுங்கு அது. பிள்ளைகள் படித்து, வேலை எடுத்து, வீட்டை விட்டுப் போன பிறகும் ஒழுங்கு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. காலையில் அவர் வரும்போது நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். பின்னேரம் நான் வர அவர் பையைத் தூக்குவார். நான் சுடச்சுட ஊற்றிவைத்த தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு “வாறன்” என்பார். “கவனம்” என்பேன். ஓர்லிகோனில் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடிதான் எங்கள் கலியாண வாழ்க்கையின் பெரும்பகுதி நடந்தது. சனி ஞாயிறு என்றால் யாருடையதோ கலியாணவீடு, சாமத்தியவீடு. அங்கேயும் ஆம்பிளைகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

இந்தக் கோடையோடு அவருக்கு ஓய்வு. என் முழங்கால் செய்த புண்ணியத்தில் எனக்கும் அரைநாள் வேலை என்று ஆகிவிட்டது. எல்லோருக்கும் சந்தோசப் புளுகம். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் பயம். இந்த மனிசனோடு முழு நாளும் வீட்டுக்குள் இருந்து என்ன கதைக்கிறது? எதைக் கேட்டாலும் ஓம் என்கிற ஆளோடு எத்தனை நாளைக்குக் கதைக்கலாம்? இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

மகளுக்கு விளங்கியதோ என்னவோ, ஓய்வுக்குப் பரிசு என்று ஒரு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்துத் தந்தாள். கட்டில், அடுப்பு, குட்டிக் குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. “அம்மா, நீங்களும் அப்பாவும் மட்டும் போங்கோ. ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ” என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. கட்டிலுக்கென்று நீலப் பூப்போட்ட புதுப் படுக்கைவிரிப்பு ஒன்று வாங்கினேன். கடையில் மடித்த மடிப்புக் கோடு தெரிய அதை இழுத்து விரித்து, தலையணை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

முதல் நாள் பேர்ண். அங்கே என் மச்சாள், இவருடைய தங்கச்சியின் வீடு. அந்த ஊரைத் தாண்டிப் போய்விட்டு அவளுக்குச் சொல்லாமல் விட்டால் செத்தவீட்டில்தான் முகத்தில் முழிக்கலாம். எட்டிப் பார்த்துவிட்டு வருவோம் என்று போனோம். வாசலில் நின்ற மோட்டார்ஹோமைக் கண்டதும் மச்சாள் நெஞ்சில் கை வைத்தாள்.

“என்னடி இது? வீடு கிடக்க வாகனத்துக்கை படுக்கப் போறியளோ? ஆக்கள் கண்டால் எங்களை என்ன சொல்லுவினம்? அண்ணை, உள்ளுக்கை வாங்கோ. மேல் அறையிலை படுக்கலாம்.”

“ஓம்” என்றார் இவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு இடியப்பத்தைக்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இரவு மச்சாள் என்னைத் தன்னோடு அறையில் படுக்கவைத்து, விடியும்வரை தன் மருமகளைப் பற்றிக் கதைத்தாள்.

இரண்டாம் நாள் லா ஷோ-து-ஃபோன். அங்கே இவருடைய சித்தப்பா மகன் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அதே கதைதான். அதே “றோட்டிலை படுக்கிறதோ”, அதே ஓம். ஆனால் அங்கே நடந்த வேறொன்றை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தம்பி பெண்சாதி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

“அண்ணைக்குச் சீனி எத்தினை கரண்டி?”

“எனக்குச் சீனி வேண்டாம் பிள்ளை. கனகாலமாப் பிடிக்கிறேல்லை.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். ஒவ்வொரு பின்னேரமும் நிறையச் சீனி போட்டுப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பவள் நான். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கட்டின மனிசனுக்குத் தேத்தண்ணி எப்படி என்று தெரியாதவளா என்கிற பார்வை. எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அடுத்த நாள் வண்டி மலை இறங்கத் தொடங்கியதும் அந்தச் சீனிக் கதையைப் பிடித்துக்கொண்டேன்.

“டொக்டர் சொன்னவரோ?”

“இல்லை. பேக்கரியிலை முழு ராவும் சீனி மணம். குடிக்க மனம் வராது.”

“அப்ப நான் ஊத்தித் தந்ததை என்ன செய்தனீங்கள்?”

“குடிச்சனான்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீர் போட்டுத் தாறீர். அதை வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

கோதாரி! இப்படியும் ஒரு மனிசனா? அடுத்து வந்த வளைவெல்லாம் நான் வாயே திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு வீடு எப்படி இருக்கும் என்பதை எனக்கு அந்த வண்டிக்குள் இருந்தே பார்க்க முடிந்தது. அழுகை வந்தது. கீழே தெரிந்த ஏரியைப் பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாளுக்கு மொந்த்ரோவைத் தெரிவுசெய்தவள் நான். ஏரிக்கரை அழகு என்று இவருக்குச் சொன்னேன். உண்மைக் காரணம், அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. ஊருக்கு வெளியே ஏரியோரம் கூடாரம் போடுகிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். நான் சேலை மாற்றினேன். அவரைக் கோட் போடச் சொன்னேன். பஸ் ஏறி நகரத்துக்குப் போய், காசினோவுக்குள் நுழைந்தோம். வாழ்க்கையில் ஒரு தடவையாவது கணக்குப் பார்க்காமல் விசர்வேலை ஒன்று செய்யுங்கோ என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வாசலில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், “பொன்சுவார் மடாம்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்கள், விட்டுவிட்டார்கள். உள்ளே திருவிழாச் சோடனைபோல எங்கு பார்த்தாலும் பச்சையும் சிவப்பும் ஊதாவுமாய் வெளிச்சம். ஒவ்வொரு இயந்திரமும் தன் பாட்டுக்குக் கத்துகிறது. அதற்கு முன்னால் இருப்பவர்களிடம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. என் பக்கத்தில் நல்ல முத்துமாலை போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி, பற்றுத் துணியால் மேசை துடைப்பவள்போல முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் பொத்தானை அமத்திக்கொண்டிருந்தாள். வென்றாளோ தோற்றாளோ, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. துணைக்கு ஒருவரும் இல்லை. பாவமாக இருந்தது.

நானும் ஒரு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

“இஞ்சாருங்கோ, கொஞ்சம் போட்டுப் பாக்கட்டோ?”

“ஓம்.”

“பேர்சிலை கிடக்கிற முழுக்காசையும் போடட்டோ?”

“ஓம்.”

“வீட்டையும் எழுதிக் குடுக்கட்டோ?”

“ஓம்” என்றார், கூரையில் தொங்கிய விளக்கைப் பார்த்தபடி.

எழும்பினேன். ஒரு சதமும் போடவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்து, ஏரிக்கரை வாங்கில் குந்தினேன். அவர் பின்னால் ஓடிவந்தார். “என்னப்பா நடந்தது?” என்றார்.

அப்போதுதான் ஒரு ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சமையல் உடுப்பு. பக்கத்து ஹோட்டல் குசினியிலிருந்து காற்று வாங்க வந்தவர் சேலையைக் கண்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கிட்ட வந்தார்.

“தமிழோ? அண்ணை எவ்விடம்?”

இவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான். ஊர், ஊரிலிருந்து குறிச்சி, குறிச்சியிலிருந்து வீடு. அந்த ஆளுடைய மனிசியின் சின்னம்மா எங்கள் ஊரில் கட்டியவவாம்.

“அட, அப்ப நாங்கள் சொந்தமெல்லோ! எங்கை தங்கிறியள்?”

இவர் மோட்டார்ஹோமைச் சொன்னார்.

“ஐயோ, அதென்ன அண்ணை, நாங்கள் இஞ்சை இருக்க! மனிசி புட்டும் மீன்குழம்பும் வச்சிருப்பா. எனக்கு இப்ப வேலை முடிஞ்சிடும். வீட்டை வந்து ஆறுதலாப் படுத்திட்டுக் காலமை போகலாம். அக்கா, சொல்லுங்கோ.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை என்று முடிவெடுத்தேன். எத்தனை தடவை நானே மறித்து நானே கெட்டவளாகிறது? இவர் இந்த முறையும் ஓம் என்றால், நாளைக்கே வண்டியைத் திருப்பி ஓர்லிகோனுக்குப் போய், அரைநாள் வேலையை முழுநாளாக்கித் தரச் சொல்லி, முழங்கால் போனாலும் பரவாயில்லை என்று கேட்கப்போகிறேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஆளைப் பார்த்தார்.

“இல்லை” என்றார்.

அந்த ஆளுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

“இல்லைத் தம்பி. குறை நினையாதேங்கோ. நானும் இவவும் ரெண்டு பேருமா இருந்து கதைச்சுக் கனகாலம். இண்டைக்கு எங்களை விடுங்கோ.”

சொல்லும்போது அவருடைய காது சிவந்துபோனது. அந்த ஆள் முதலில் விழித்தார், பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார், “சரி சரி அண்ணை” என்று இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நாங்கள் பஸ் ஏறி வண்டி நின்ற இடத்துக்குத் திரும்பினோம்.

வெயில் இன்னும் மலையில் இருந்தது. மோட்டார்ஹோமுக்கு வெளியே இரண்டு மடக்குக் கதிரைகளைப் போட்டுவிட்டு, நான் உள்ளே அடுப்பை மூட்டினேன். கட்டிலில் நீல விரிப்பு கடை மடிப்புக் கோடுகளோடு அப்படியே கிடந்தது.

“சீனி?” என்று உள்ளிருந்து கத்தினேன்.

“வேண்டாம்.”

“பால்?”

“ஓம்.” கொஞ்சம் பொறுத்து, “இல்லை. கொஞ்சம் குறையப் போடும்.”

கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தேன்.

“வேறை என்ன பிடிக்காது?”

“கோவிப்பீர்.”

“கோவிப்பன்தான். சொல்லுங்கோ.”

ஒரு மிடறு குடித்தார். “கத்தரிக்காய்க் குழம்பு எனக்கு ஒருநாளும் பிடிச்சதில்லை.”

“என்ன? கிழமைக்கு ஒருக்கால் வைக்கிறன்! அப்ப ஆரின்ரை வாய்க்கு இவ்வளவு காலமும் கைநோகக் காய்ச்சினனான்?”

அவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஏரியைப் பார்த்தபடி சொன்னார்.

“காலமை நீர் வேலைக்குப் போகேக்கை கதவைப் படாரெண்டு சாத்துறனீர். அது கேட்டாப் பிறகு எனக்கு நித்திரை வாறேல்லை.”

“ஓ, சத்தம் கூடிப்போச்சோ துரைக்கு?”

“சத்தத்துக்கு இல்லை. நீர் போயிட்டீர் எண்டு தெரிஞ்சிடுமெல்லோ.”

கண் கலங்கிவிட்டது. தலைப்பால் துடைத்தேன். அவர் பார்த்தால் பார்க்கட்டும்.

“சரி” என்றேன். “வேறை என்ன? சொல்லுங்கோ.”

அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.