பொறுங்கம்மாவும் தொண்ணூற்றாறு நாற்காலிகளும்

என் தங்கச்சியை எல்லாரும் பொறுங்கம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அழுக்கேறிய சோபா, நாற்காலி, கார் சீட்டு, மெத்தை இதையெல்லாம் சுத்தம் செய்து கொடுப்பது அவள் தொழில். வேலைக்குப் போகிற இடத்தில் கதவைத் திறந்ததும் ஜனங்கள் கேட்பது, "எவ்வளவு நேரத்துல முடியும்?" அவள் சொல்வது, "பொறுங்க." இருபது வருஷமாக இதுவே. பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவள் செய்வதைப் பார்த்தால் துப்புத் துலக்க வந்தவள் என்று நினைப்பீர்கள். முதலில் மோந்து பார்ப்பாள். குழந்தை நனைத்ததா, நாய் படுத்ததா, பால் கொட்டியதா, மூக்கே சொல்லிவிடும். பிறகு சோபாவைச் சாய்த்து, அடிமடிப்பிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவாள். காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி. முடி கருகுகிற நாற்றம் வந்தால் கம்பளி. உருகிச் சின்ன மணியாக உருண்டால் நைலான் சாதி. கடைசியில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, யார் கண்ணிலும் படாத ஓரத்தில் அழுத்தி வைத்துவிட்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வெள்ளைத் துணியில் சாயம் ஏறினால் தண்ணீர் வேண்டாம் என்று அர்த்தம்.

அவள் கையில் நாலு வழி இருக்கிறது. வெந்நீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சி எடுக்கும் மிஷின் ஒன்று. நுரை ஒன்று. தூவித் தேய்த்துக் கூட்டி எடுக்கும் பொடி ஒன்று. தண்ணீரே ஆகாத துணிக்கு ஸ்பிரிட். "மருந்து மாதிரிதாண்ணே. ஆளைப் பார்க்காம கொடுத்தா நோயோட ஆளும் போயிடும்" என்பாள்.

இந்தப் பொறுமை அவள் கூடப் பிறந்ததில்லை. கூடப் பிறந்தவன் நான், எனக்குத் தெரியும். சலவைக் கடையில் ஒன்பது வருஷம் இஸ்திரி போட்டவள், தனியாகத் தொழில் தொடங்கிய முதல் வாரம் ஒரு வெல்வெட் நாற்காலிக்கு ஆவிப்பெட்டியை அழுத்தி வைத்தாள். ரோமமெல்லாம் படுத்து, இஸ்திரிப் பெட்டியின் உருவம் அச்சு அசலாக விழுந்துவிட்டது. அந்த வீட்டம்மா திட்டவில்லை. நாற்காலியை மாற்றவும் இல்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். அதிலிருந்துதான் இந்தப் "பொறுங்க."

அவள் புருஷன், என் மாப்பிள்ளை, வேன் ஓட்டுவார், மிஷினையும் இயக்குவார். மிஷின் சத்தத்தில் பேசி என்ன பயன் என்று பேச்சையே விட்டுவிட்ட மனுஷன். அவர் வாயைத் திறந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

நான் குஷன் தைப்பவன். அதாவது அவள் சுத்தம் செய்தால் பழைய உறை இன்னும் ஐந்து வருஷம் ஓடும், எனக்கு வேலை இல்லை. அவளால் முடியாமல் போனால் வேலை என்னிடம் வரும். இதைச் சொல்லி ஒருவரை ஒருவர் குத்திக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

"உன் வாயில மண்ணைப் போட்டுட்டேன் போல, அந்த டாக்டர் வீட்டு சோபா பளிச்சுன்னு ஆயிடுச்சு."

"அது நான் தைச்ச துணியோட தரம்டி. நீ என்ன பண்ணே, குளிப்பாட்டினே."

போன வருஷம் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு கூட்ட அரங்கு. மணல் நிறத்தில் தொண்ணூற்றாறு நாற்காலி. அந்தக் கட்டடத்திலேயே பதினெட்டு ஆபீஸ். அரங்கு வேலை நன்றாக அமைந்தால் பதினெட்டும் அவளைக் கூப்பிடும், கெட்டால் பதினெட்டும் கதவைச் சாத்தும். அதை மேனேஜரே வாய்விட்டுச் சொன்னார். கட்டை குட்டையான ஆள், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். திங்கட்கிழமை அங்கே பெரிய கூட்டம். அவள் போனது அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை.

வழக்கம்போல் மோந்து பார்த்தாள். டீ, வேர்வை, தலை எண்ணெய். நூலை எரித்தாள். பருத்தியும் நைலானும் கலந்தது. வெள்ளைத் துணியை ஓரத்தில் அழுத்தினாள். சாயம் போகவில்லை. பொடிக்கு அடங்குகிற அழுக்கு இல்லை அது. நுரை போட்டால் பிசுபிசுப்பு தங்கி மறுபடி தூசி பிடிக்கும். ஆகவே வெந்நீர் மிஷின் என்று முடிவு செய்தாள். அந்த முடிவில் எந்தத் தப்பும் இல்லை. இரண்டு நாற்காலியில் மட்டும் இலேசாக ஊதா நிறத்தில் ஒரு தீற்றல் இருந்தது. கூட்டத்தில் குறிப்பெடுக்கிறவன் எவனாவது பேனாவைக் கசிய விட்டிருப்பான் என்று விட்டுவிட்டாள்.

ஒரே ஒரு நாற்காலியை முழுதாகச் சுத்தம் செய்துவிட்டு, "பொறுங்க, நாளைக்குக் காலையில பார்த்துட்டு மத்ததைத் தொடலாம்" என்றாள்.

"ஒரு நாற்காலிக்கு ஒரு நாளா? அப்போ அடுத்த வருஷக் கூட்டத்துக்குத்தான் ரெடி ஆகும்" என்றார் மேனேஜர்.

"ஈரமா இருக்கும்போது எல்லாமே அழகாத்தான் சார் இருக்கும். காயும்போதுதான் அடியில கிடக்கறது மேல வரும்."

மறுநாள் காலை காய்ந்திருந்தது. துணி புதுசு மாதிரி இருந்தது. உட்காருகிற இடத்துக்கு நட்டநடுவே, உள்ளங்கை அகலத்துக்கு, ஊதா நிறத்தில் 23 என்று எழுதியிருந்தது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். "அம்மா, கறையை எடுக்கச் சொன்னேன். நீங்க நம்பர் போட்டுக் கொடுத்திருக்கீங்க."

அவர் போனை எடுத்து, குஷன்காரன் என்று பதிந்து வைத்திருந்த என் நம்பருக்குப் போட்டார். "தொண்ணூத்தாறு உறை, புதுசா தைக்கணும், ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா? சுத்தம் பண்ண வந்தவங்க கெடுத்துட்டாங்க" என்றார். யார் வந்தார்கள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனை வைப்பதற்குள் எத்தனை சுருள் துணி வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். பொய் சொல்வானேன்.

அரங்குக்குள் நுழைந்தால் என் தங்கச்சி நிற்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை, குழாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு. இவள்தான் அந்த ஆளா என்று தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் நாற்காலியைப் பார்த்தேன்.

இரண்டுக்கு வால் நீட்டி, மூன்றின் தலையைத் தட்டையாக வெட்டி எழுதுகிற ஆள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. நான் ஒருத்தன்.

ஆறு வருஷத்துக்கு முன் இந்த உறைகளைத் தைத்தது நான்தான். தச்சன் வெட்டிக் கொடுத்த தொண்ணூற்றாறு பலகையும் தொண்ணூற்றாறு அளவு. ஆளாளுக்கு ஒரு சட்டை மாதிரி தனித்தனியாக வெட்ட வேண்டியிருந்தது. எது எதற்கு என்று குழம்பக்கூடாதென்று ஸ்பாஞ்சுக்கு மேலே போடுகிற வெள்ளை உள்துணியில் நம்பர் எழுதினேன். பலகைக்கு அடியில் எழுதியிருக்கலாம். அதற்குக் குனிய வேண்டும். எழுதியது ஊதாப் பென்சிலால், தண்ணீர் பட்டால் மையாக மாறுமே, அந்தப் பென்சில். அன்றைக்குக் கையில் இருந்தது அதுதான். இவள் ஓரத்தில் சோதித்தாள். நான் நடுவில் எழுதியிருந்தேன்.

மேனேஜர் சொன்னார்: "இவங்க ஏதோ மருந்து போட்டிருக்காங்க. அதுல ஏதோ கோளாறு."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவளுக்கு என் கையெழுத்து தெரியும். எங்கள் அம்மா எங்களை ஒரே சிலேட்டில் எழுத வைத்தவள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளைத் துணியை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து "இது எங்க அண்ணன் எழுதினது" என்று சொன்னால் அவள் பேர் தப்பும். சொல்லவில்லை.

"மருந்துல கோளாறு இல்ல சார்" என்றேன். "எழுதினவன்கிட்டதான் கோளாறு. இது என் நம்பர். தொண்ணூத்தாறுலயும் உள்ளே இருக்கு."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ உங்க தப்புக்கு நான் உங்ககிட்டயே புது உறை வாங்கணுமா? நல்லா இருக்கே வியாபாரம்!"

"அவசியமில்ல. சுத்தம் பண்ண முடியுமான்னு இவளைக் கேளுங்க."

"இவளா?"

"என் தங்கச்சி."

"குடும்பமா சேர்ந்துதான் வந்திருக்கீங்களா?" என்று நாற்காலியில் உட்காரப் போனவர், 23 கண்ணில் பட்டதும் நிமிர்ந்துவிட்டார்.

அவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஸ்பிரிட் போட்டா எண்ணெய் போகும், டீக்கறை போகாது. இந்த அழுக்குக்குத் தண்ணிதான். ஆனா தண்ணி உள்ளே இறங்கினா அண்ணன் எழுந்து வந்துடுவான்."

"உறையைக் கழட்டித் தர்றேன், தனியா அலசு" என்றேன்.

"பருத்தி கலந்தது. கழட்டி அலசினா சுருங்கும். திரும்ப மாட்டும்போது உன் தொண்ணூத்தாறு அளவும் தொண்ணூத்தேழாயிடும்."

அப்போது மாப்பிள்ளை குழாயைக் கீழே வைத்தார். "நடுவுல பிளாஸ்டிக் தாள் விட்டா?" என்றார். அவ்வளவுதான். குழாயை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

அவள் குனிந்து நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். "பொறுங்க" என்றாள்.

இருபத்துநாலாம் நம்பர் நாற்காலியில் சோதித்தோம். பலகையைக் கழற்றி, உறையை மரத்தோடு பிடித்திருந்த ஸ்டேப்பிள் பின்களைப் பின்பக்கம் மட்டும் பிடுங்கி, உறைக்கும் உள்துணிக்கும் நடுவே தாளை நுழைத்து, மூலைக்கு ஒரு பின் அடித்துக் கொடுத்தேன். உறை மரத்தோடு இழுத்துப் பிடித்தபடியே இருந்ததால் சுருங்க வழியில்லை. தாள் இருந்ததால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. பீய்ச்சி, உறிஞ்சி, மின்விசிறிக்கு முன்னால் நிறுத்தினாள். அன்று சாயங்காலம் வரை அதைத் தொட விடவில்லை. காய்ந்ததும் பார்த்தோம். 24 வரவில்லை.

"அப்படியே தாளை உள்ளேயே விட்டுடுங்களேன், மறுபடி பிரிச்சு மூடற நேரம் மிச்சம்" என்றார் மேனேஜர்.

"விடலாம் சார். திங்கட்கிழமை உங்க பெரியவர் மேடையில பேசும்போது தொண்ணூத்தாறு நாற்காலியும் சரசரன்னு எதிர்ப்பேச்சு பேசும். பரவாயில்லையா?"

அவர் அதற்கப்புறம் யோசனை சொல்லவில்லை.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான் பின் பிடுங்கி, பின் அடித்தேன். மாப்பிள்ளை மிஷினைப் பிடித்தார். அவள் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, தொட்டுப் பார்த்து, காய்ந்தது என்று சொன்ன பிறகே தாளை உருவ விட்டாள். அவசரப்பட்டு ஒன்றை உருவினேன். பதினேழில் ஏழின் வால் மட்டும் தலை காட்டியது.

"உனக்குத் தாளு பத்தாது, கைக்கு விலங்குதான் போடணும்" என்றாள்.

வாலையும் இருபத்துமூன்றையும் ஸ்பிரிட்டில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். வால் போய்விட்டது. 23 வெளிறியதே தவிர போகவில்லை. பழைய சுருளில் மிச்சம் கிடந்த துணியில் அந்த ஒன்றுக்கு மட்டும் புது உறை தைத்துப் போட்டேன். தொண்ணூற்றாறு கேட்டு வந்த வேலையில் எனக்குக் கிடைத்தது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேனேஜர் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் விரலை வைத்து அழுத்தினார். கடைசி வரிசையில் நின்று, "மூணாம் மாடி ஆபீஸ்ல பன்னிரண்டு சோபா இருக்கு. அந்த ஆபீஸ் அம்மாகிட்ட உங்க நம்பரைக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். பிறகு, "போன் நம்பரைத்தான் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

வேனில் வரும்போது கேட்டேன். "அன்னிக்கு ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கலே?"

"நீயே சொல்றியான்னு பார்த்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"மதியம் வரைக்கும் பொறுத்திருப்பேன். அப்புறம் சொல்லியிருப்பேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. அவர் முகத்தில் அதையெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது.

பதினெட்டு ஆபீஸில் இதுவரை பதினொன்று முடித்துவிட்டாள். வேலை முறையில் ஒரே ஒரு மாற்றம். இப்போது மோந்து பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி கேட்கிறாள்: "இதை யார் தைச்சது?" வேறு யாராவது என்றால் வழக்கப்படி ஓரத்தில் சோதிக்கிறாள். என் பேரைச் சொன்னால் நட்டநடுவில் ஒரு ஸ்பூன் தண்ணீரை ஊற்றிவிட்டு, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாளாம்.

நான் இப்போது பலகைக்கு அடியில், சாதாரணப் பென்சிலால் எழுதுகிறேன். முதுகு வலிக்கிறது.