மருதாணிக் கறையும் நான் எழுதிய விமர்சனமும்

இரண்டு வருடங்களுக்கு முன், என் தம்பியின் கல்யாணத்துக்காகத் தைப்பிங்கிலிருந்து கிள்ளானுக்கு வந்திருந்தோம். பெண் வீடு கிள்ளான். அப்பா இல்லாததால் மூத்தவனான என் தலையில்தான் எல்லாப் பொறுப்பும். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று, இணையத்தில் படம் பார்த்து ஒரு ஹோட்டலில் மூன்று அறைகள் போட்டேன். லிப்ட் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு, காலைப் பசியாறல் இலவசம் என்று போட்டிருந்தார்கள்.

போய் இறங்கினால், லிப்ட் கதவில் ஒரு அட்டை தொங்கியது. ‘ரோசாக்’, பழுதாம். அம்மாவுக்கு எழுபது வயது, இரண்டு முழங்காலிலும் வலி. எங்களுக்குக் கொடுத்தது மூன்றாம் மாடி. கீழ்த்தளத்தில் ஓர் அறை கேட்டேன்.

“இருக்கு அண்ணே, ஆனா அது டீலக்ஸ். ரூமுக்கு நாப்பது வெள்ளி கூட வரும்” என்றார் முகப்பில் இருந்த பெண்.

உங்கள் லிப்ட் ஓடாததற்கு நான் ஏன் நாற்பது வெள்ளி கட்ட வேண்டும் என்று குரலை உயர்த்தினேன். அம்மா என் கையைப் பிடித்தார். “நல்ல காரியத்துக்கு வந்துட்டு சண்டை வேணாம்பா. நான் ஏறிடுவேன்.” ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். பின்னால் காரை நிறுத்தியதற்குத் தனிக் கட்டணம். நான்கு பேருக்கு இரண்டு துண்டுதான், மூன்றாவது துண்டுக்குத் தனிக் கட்டணம். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் என் மனைவியும் மகளும் மருதாணி வைத்துக்கொண்டார்கள். மகள் காயாத கையைத் தலையணையில் ஊன்றிவிட்டாள். ஒரு நாணயம் அளவுக்குக் கறை. துண்டு கொடுக்க வந்த ஆள் அதைப் பார்த்துவிட்டுப் போனான். அரை மணி நேரத்தில் கீழேயிருந்து தொலைபேசி வந்தது. மருதாணிக் கறைக்கு அபராதம் முந்நூறு வெள்ளியாம். பத்து வெள்ளிக்கு விற்கிற தலையணை உறைக்கு! உங்களிடம் என் முன்பணம் இருக்கிறது, நாளை அறையைக் காலி செய்யும்போது பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முகூர்த்தம் காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். ஆறரைக்கு எல்லோரும் பசியாறக் கீழே போனோம். காய்ந்த ரொட்டியும் ஆறிப்போன மீகூன் நூடுல்ஸும்தான். அதையும் அவசரமாக முடித்துவிட்டு மேலே வந்து அறை அட்டையை வைத்தால், சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. அந்த அறைக்குள்தான் தாலியும் கூறைப்புடவையும் தட்டில் இருந்தன.

மூன்று மாடியும் ஓடி இறங்கினேன்.

“ஃபைன் கட்டலன்னு மேனேஜர் ராத்திரியே லாக் போட்டுட்டாரு அண்ணே” என்றார் அந்தப் பெண். முகத்தை அவர் நிமிர்த்தவே இல்லை.

முந்நூறு வெள்ளியை எடுத்து மேசையில் வைத்தேன். ரசீது கொடுத்தார். கதவைத் திறங்கள் என்றேன்.

“அவரு இல்லாம யாரும் திறக்கக் கூடாதுன்னு ஆர்டர். ஒம்பது மணிக்குத்தான் வருவாரு. கால் பண்ணிப் பார்த்துட்டேன், எடுக்க மாட்டேங்குறாரு.”

காசையும் வாங்கிக்கொண்டு கதவையும் திறக்கவில்லை. மேசையை ஓங்கி அடித்தேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கோயிலிலிருந்து பெண்ணின் அப்பா வேறு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் போனை எடுக்கவில்லை.

மேலே திரும்பி வந்தபோது, அம்மா நடைபாதையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்கா நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அம்மா நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அக்கா நடைபாதையின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார். இடுப்பில் தொங்கிய தன் அட்டையை எடுத்துக் கதவில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

“சீக்கிரம் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க. நான் ஒண்ணும் பார்க்கல” என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் நன்றி சொல்வதற்குக்கூட நிற்கவில்லை.

எட்டரைக்குத் தம்பி தாலி கட்டினான்.

தைப்பிங் திரும்பிய அன்றே அந்த ஹோட்டலைப் பற்றி இணையத்தில் விமர்சனம் எழுதினேன். லிப்ட் படம், ரசீது படம் எல்லாம் போட்டேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கடைசியில் நன்றியோடு நான்கு வரி சேர்த்தேன். இந்த ஹோட்டலில் மனிதர் என்று சொல்ல ஒருவர்தான் இருக்கிறார், மூன்றாம் மாடியைத் துப்புரவு செய்யும் அக்கா, பூட்டிய அறையைத் தன் அட்டையால் திறந்துவிட்டு எங்கள் கல்யாணத்தைக் காப்பாற்றினார் என்று. நிறைய பேர் படித்தார்கள். ஒரு வாரத்தில் ஹோட்டலிலிருந்து பதில் வந்தது. வருந்துகிறோம், சம்பந்தப்பட்ட ஊழியர் மீது நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று. அந்த மேனேஜர் ஒழிந்தான் என்று மனைவியிடம் காட்டிச் சிரித்தேன்.

அடுத்த மாதம், பெண் ஊரிலேயே குடியேறிவிட்ட தம்பியைப் பார்க்கக் கிள்ளான் போனபோது, அந்த அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லி அம்மா ஒரு சேலை வாங்கிக் கொடுத்திருந்தார். ஹோட்டலுக்குப் போய்க் கேட்டேன். முகப்பில் அதே பெண். என்னை அடையாளம் கண்டுகொண்டு வெளியே அழைத்து வந்தார்.

“அவங்கள வேலையிலேர்ந்து நிப்பாட்டிட்டாங்க அண்ணே. கதவு பழுது, தானா திறந்துக்கிச்சுன்னு நான் சொல்லி வச்சிருந்தேன். மேனேஜரும் நம்பிட்டாரு. அப்புறம் நீங்க எழுதினத முதலாளி படிச்சாரு.”

மேனேஜர் உள்ளே அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

அந்த அக்கா பாசார் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார் என்று அந்தப் பெண்தான் சொன்னார். போனேன். ஈரக் கையோடு பின்வாசலுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் சொல்லவில்லை.

“நல்லதுன்னு நெனச்சுத்தான் எழுதியிருப்பீங்க. ஆனா நான் ஒண்ணும் பார்க்கலன்னு சொல்லிட்டுத்தானே போனேன். அது எதுக்குன்னு யோசிக்கலயா? அங்க எட்டு வருஷம் லா, தம்பி.”

சேலையை வாங்கிக்கொண்டார். “அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த நான்கு வரியை அன்றே நீக்கினேன். நீக்கி என்ன பயன்? நுகர்வோருக்கான பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்து, மூன்று முறை தைப்பிங்கிலிருந்து வந்து அலைந்து, அபராதப் பணத்தைத் திரும்ப வாங்கினேன். நேராக அந்தக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று அவர் மறுக்கவில்லை. மூன்று வாரம் வேலை இல்லாமல் இருந்தேன் என்று மட்டும் சொன்னார். அவருடைய பழைய வேலையை மட்டும் எந்தத் தீர்ப்பாயத்திலும் என்னால் வாங்கித்தர முடியவில்லை.

அந்த ஹோட்டல் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்றும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் எங்களுக்காகத் தன் பிழைப்பையே பணயம் வைத்த ஒரு பெண்ணை, நன்றி சொல்கிறேன் என்று நானே காட்டிக்கொடுத்தேன் என்பதை நினைக்கும்போது, அதைவிடப் பெரிய கோபம் என் மேல்தான் வருகிறது.