மாமி வீட்டுத் தோடைக்கு வந்த நோய்

கறிவேப்பிலை ஒடிக்கத்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமை, கணவரோடு உரும்பிராயில் மாமி வீட்டில் சாப்பாடு. நண்டுக் கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கிணற்றடிக்குப் பின்னால் நின்ற கறிவேப்பிலையின் இளந்தளிரில் எள்ளிலும் சிறிய, பழுப்பு நிறப் பூச்சிகள் வரிசையாக இருந்தன. தலையைத் தளிரில் குத்தி, பின்பக்கத்தை மேலே தூக்கி உட்கார்ந்திருந்தன. வேறு பூச்சிகள் பொதுவாக அப்படி உட்காருவதில்லை.

நான் விவசாயப் போதனாசிரியை. இந்தப் பூச்சியைத் தேடி வீடு வீடாகப் போவதும் என் வேலைதான். இது இருந்தால் பக்கத்தில் நிற்கும் எலுமிச்சை இனத்துத் தேசியையும் தோடையையும் பார்க்க வேண்டும். அவற்றுக்குக் கிரீனிங் என்ற நோயைக் கொண்டுபோவது இதுதான்.

பக்கத்தில் மாமியின் தோடை நின்றது.

இலைகளில் மஞ்சள் படர்ந்திருந்தது. சத்துக் குறைவால் வரும் மஞ்சள் நடு நரம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இது ஒரு பக்கம் ஒரு மாதிரி, மற்றப் பக்கம் வேறு மாதிரி. நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் போலும்.

"கறிவேப்பிலையை நட்டு முளைக்க வைச்சோ கொண்டு வாறாய்?" என்று குசினியில் இருந்து மாமி கேட்டார்.

சாப்பிடும்போது சொன்னேன். "மாமி, தோடைக்கு ஒரு வருத்தம் வந்திட்டுது போலை."

"என்ரை மரத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை. போன கிழமையும் எருப் போட்டனான்."

என் கணவர் ஒரு நண்டுக்காலை மிகுந்த கவனத்தோடு உடைத்துக்கொண்டிருந்தார்.

போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அந்த வீட்டுக்குக் கூரை இல்லை, இந்த மரத்தில் பழம் இருந்தது என்று மாமி சொல்வார். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார்.

கை கழுவிய பிறகு அவருக்கு முன்னாலேயே ஒரு சோதனை செய்து காட்டினேன். இலையை மணல்தாளில் தேய்த்து, அந்தச் சாற்றைத் தண்ணீரில் விட்டு, அயடின் சில துளி போட்டேன். தண்ணீர் கறுத்தது. நோய் பிடித்த இலையில் மாச்சத்து தேங்கி நிற்கும், அதனால் கறுக்கும் என்றேன்.

"புண்ணுக்குப் பூசிற மருந்தைப் போட்டா எந்த இலையும் கறுக்கும்."

முன்வளவுத் தேசியில் இருந்து நல்ல இலை ஒன்று எடுத்து அதையும் தேய்த்தேன். கறுக்கவில்லை.

"அப்ப மருந்து முடிஞ்சு போச்சு" என்றார் மாமி.

இலைகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். அதே நோய்தான் என்று முடிவு வந்தது. மாமிக்குத் தொலைபேசியில் சொன்னேன். மருந்து கிடையாது, வெட்ட வேண்டும்.

"மருமகள் சொல்லி மரம் வெட்டினதெண்டு ஊர் சிரிக்கும். அரசாங்கம் வந்து சொல்லட்டும்."

"நான்தானே மாமி அரசாங்கம்."

"நீ என்ரை மகன்ரை மனிசி."

எனவே அரசாங்கமாகப் போனேன். பருத்திச் சேலை கட்டி, கந்தோரில் எனக்கு மேலதிகாரியாக இருக்கும் குருநகர்க்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். அது யார் வீடு என்று அவரிடம் சொல்லவில்லை.

மாமி படலையைத் திறந்தார். "வாங்கோ சேர். வாங்கோ மிஸ்."

கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த பூப்போட்ட கோப்பைகள் வெளியே வந்தன. கலியாணம் முடித்த நாளில் இருந்து அவற்றைக் கண்ணாடிக்கு ஊடாகத்தான் பார்த்திருக்கிறேன். "சீனி போடலாமோ மிஸ்?" என்று கேட்டார். நான் சீனி போட்டுக் குடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும்.

"வேண்டாம் அம்மா" என்றேன்.

தொலைபேசியில் சொன்னதையே மறுபடி சொன்னேன். இந்த முறை தலையாட்டிக் கேட்டார்.

"இது நான் விட்ட பிழையோ மிஸ்?"

"இல்லை அம்மா. வருத்தமுள்ள மரத்திலை சாறு குடிச்ச பூச்சி இங்கை வந்தும் குடிச்சிருக்கும்."

"அப்பிடியே விட்டா?"

"இங்கையிருந்து மற்ற மரங்களுக்குப் போகும்."

மாமி மதிலுக்கு மேலால் பார்த்தார். பக்கத்து வீட்டுத் தேசி நிறையக் காய்த்திருந்தது. "அப்ப வெட்டுவம்" என்றார்.

மேலதிகாரிக்கு மனம் இளகியது. பேச்சை மாற்றினார். "பிள்ளையள் ஆரும் விவசாயத்திலை இருக்கினமோ அம்மா?"

"மருமகள் ஒருத்தி இருக்கிறா சேர். உந்த உத்தியோகம்தான். நல்ல கெட்டிக்காரி." கொஞ்சம் யோசித்தார். "சமையல்தான் காணாது."

நான் தேநீரைக் குடித்தேன். மாமி என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. சமையலைப் பற்றிச் சொன்னது உண்மைதான்.

அந்தக் கிழமையே வெட்டினோம். பூச்சிகள் கலைந்து அயலுக்குப் பறக்காதபடி முதலில் மருந்தடித்தோம். கறிவேப்பிலையையும் கத்தரித்தோம். மரம் அரியும் வாள் ஓடி முடியும் வரை மாமி வீட்டுக்குள்ளேயே இருந்தார். மரம் விழுந்த பிறகு கத்தியோடு வந்து, மருந்தடிக்க முன்னம் பிடுங்கி வைத்திருந்த பழம் ஒன்றை வெட்டினார். ஒரு பக்கம் வீங்கி, அடிப்பக்கம் பச்சையாகவே இருந்தது. விதைகள் கறுத்துச் சுருங்கியிருந்தன. ஒரு சுளையை வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்.

"கைக்குது" என்றார். மற்றப் பாதியை என்னிடம் நீட்டினார். "நீயும் தின்று பார் பிள்ளை."

தின்று பார்த்தேன். கைத்தது. இருவரும் வெட்டிய மரத்துக்குப் பக்கத்தில் நின்று துப்பினோம்.

இப்போது அந்த இடத்தில் மாமி செத்தல் மிளகாய் காயப்போடுகிறார். நல்ல வெயில் விழுகிறதாம்.