லாக் கேட் மூடும் நேரம்

யாராவது "பார்த்துக்கலாம்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது பிறவிக் கோபம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. அன்று அந்த வார்த்தையைச் சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான்.

என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, சாயங்காலம் நாலு மணி ஷிப்ட். நாங்கள் இருப்பது வங்காளத் தலைநகரில், லேக் கார்டன்ஸில், இரண்டாவது மாடியில். சென்டர் இருப்பது பவானிபூரில் ஒரு சந்துக்குள். மழை இல்லாவிட்டால் டாக்ஸியில் இருபது நிமிஷம், மழை வந்தால் கடவுள் விட்ட வழி.

எங்கள் வீட்டில் ராகுகாலத்தில் யாரும் படி இறங்குவதில்லை. நான் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் திங்கட்கிழமைதோறும் ஏழரைக்கு முன்பே கிளம்பிவிடுவேன். வங்கிக் கதவைத் திறக்க வரும் காவலாளி என்னைப் பார்த்துத்தான் அன்றைக்குத் திங்கட்கிழமை என்று தெரிந்துகொள்வார். லேக் மார்க்கெட்டில் தமிழ் மளிகைக்கடைக்காரர் கொடுக்கும் நாட்காட்டிதான் எனக்குச் சட்டம். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம் என்று அதில் போட்டிருந்தால், மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்கு எங்கள் கதவு திறக்கும்.

அந்த வியாழக்கிழமை இரண்டு மணிக்கே வானம் கறுத்துவிட்டது. அவர் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். "இப்பவே கெளம்பிடலாமே" என்றார். "மூணு ஆகட்டும். பார்த்துக்கலாம்" என்றேன். மூன்று ஐந்துக்கு இறங்கினபோது தெருமுனையில் முழங்கால் தண்ணீர். ஒரு டாக்ஸி பாதி வழியில் நின்றுபோயிற்று, இன்னொன்று வரவே இல்லை. ஐந்தரை மணிக்கு நனைந்த பையோடு திரும்பி மாடி ஏறினோம். அடுத்த முறை சனிக்கிழமைதான் என்று சென்டரில் சொல்லிவிட்டார்கள்.

வெளியேற வேண்டிய தண்ணீரெல்லாம் அவர் உடம்பிலேயே நின்றது. படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு ராத்திரியும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் தலையணையை அணைத்துக்கொண்டு, மூச்சை எண்ணி எண்ணி வாங்கினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. இன்னொரு முறை என்னால் அவர் அப்படி உட்காரக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தண்ணீர் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஏறியது என்று எனக்குச் சொன்னது கீழ்வீட்டு பௌதி. அண்ணி என்று அர்த்தம். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் பௌதிதான். காலமான அவள் கணவர் மழைநீர் இறைக்கும் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தவர்.

"மழை மட்டும்னா பம்பு இழுத்துடும், தீதி. கங்கையில ஜோவார் வந்தா, அதான் கடல் தண்ணி ஆத்துல ஏறினா, கால்வாய் வாயில இருக்கிற லாக் கேட்டை மூடிடுவாங்க. மூடலேன்னா ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்துடும். மூடினா நம்ம மழைத் தண்ணி வெளியே போகாது. அந்த நாலு மணி நேரத்துல பெஞ்சா முழுகினோம்" என்றாள், பாதி வங்காளம் பாதி இந்தியில்.

நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். ராகு எப்போது வருவான், போவான் என்று நிமிஷக் கணக்காகத் தெரியும். கடல் எப்போது ஆற்றில் ஏறும் என்று தெரியாது. வெட்கமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மைத்துனர் பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்தான். வரும்போது ஒரு வானிலை ரேடியோ கொண்டுவந்தான். செங்கல் அளவு, சிவப்பு நிறம், பக்கவாட்டில் சுற்றுகிற கைப்பிடி. "ஆபத்து வந்தா இதுவே அலறும் பெரியம்மா, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றான். அவன் ஊர் திரும்பிய பிறகு அதை அலமாரியில் வைத்து அந்த விசேஷ அலைவரிசையைப் போட்டேன். உஸ்ஸென்று ஒரே இரைச்சல். அலறும் அலறும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். நான்காம் நாள்தான் தெரிந்தது, அந்த அலைவரிசையில் பேச இந்தியாவில் யாருமே கிடையாது என்று. என் கணவர் சிரித்த சிரிப்பு பௌதி வீடு வரைக்கும் கேட்டது.

ஆனால் அதில் சாதாரண ரேடியோவும் இருந்தது. உள்ளூர் நிலையத்தில் வேளை தவறாமல் வானிலை சொன்னார்கள். லாக் கேட் எத்தனை மணிக்கு மூடும், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் வாசித்தார்கள். சரி, அலறுகிற வேலையை நாமே எடுத்துக்கொள்வோம் என்று முடிவு பண்ணினேன். அந்த வேலை எனக்கு நன்றாகவே வரும்.

அன்றிலிருந்து நாட்காட்டித் தாளில் ராகுகாலம், எமகண்டம், குளிகை மூன்றுக்கும் கீழே பென்சிலால் நாலாவதாக ஒன்று எழுதினேன்: லாக் கேட். நாலு மணி ஷிப்டில் மொத்தம் ஆறு பேர். அவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. அதில் தினமும் நேரத்தைப் போட்டேன். வெயில் கொளுத்துகிற நாளிலும் போட்டேன். ஆறு பேரில் ஒருவர் தேயிலை வியாபாரி, மார்வாரி. அவர் எனக்கு 'வெதர் ஆன்ட்டி' என்று பெயர் வைத்தார். ஒரு நாள், "ஆன்ட்டி, இன்னிக்கு லஸ்ஸி குடிக்கலாமா, கேட் தெறந்திருக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், உள்ளுக்குள் கறுவிக்கொண்டு.

அடுத்த வைகாசியில் புயல் வந்தது. வியாழக்கிழமை பார்த்தே வந்தது.

நடுராத்திரிக்கு மேல்தான் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் காலையில் ஊர் கொஞ்சம் அசட்டையாகவே இருந்தது. சென்டரிலிருந்து போன் வந்தது: எல்லா ஷிப்டும் உண்டு, நாலு மணிக்கு வாருங்கள், அதற்கு முன் நாற்காலி காலி இல்லை. பத்து மணிக்கு எங்கோ மரக்கிளை விழுந்து கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் நெட்டும் போயிற்று. டிவி இல்லை, வாட்ஸாப் இல்லை. நான் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

ஒரு மணிச் செய்தி முடிகிற இடத்தில் அந்த அறிவிப்பு வந்தது. புயலின் வெளிவட்ட மழை இரண்டு மணிக்கு மேல் நகரத்தைத் தொடும். ஆற்றில் ஏற்றம் அதிகம் என்பதால் லாக் கேட்டுகள் இரண்டரையிலிருந்து எட்டு வரை மூடியிருக்கும். அவசியம் இல்லாதவர்கள் வெளியே வரவேண்டாம்.

நான் எழுந்துவிட்டேன். மணி ஒன்று பத்து. நாலு மணிக்குப் போவது என்றால் போகவே முடியாது. இப்போதே கிளம்பினால் உண்டு. ஆனால் என் கணவர் அப்போதுதான் தட்டில் கை வைத்திருந்தார். அவர் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, சட்டை மாட்டி, மாடிப்படி இறங்க அரை மணி நேரமாவது ஆகும். இருபது நிமிஷத்தில் ராகுகாலம்.

முதலில் போனை எடுத்தேன். நெட் போனாலும் சாதாரண அழைப்பு நாலு முயற்சிக்கு ஒன்று போயிற்று. எண்களை முன்யோசனையாக நாட்காட்டி அட்டையின் பின்னால் எழுதி வைத்திருந்தேன். மூன்று பேர் மறுபேச்சு இல்லாமல் கிளம்புவதாகச் சொன்னார்கள். தேயிலைக்காரர், "ராத்திரிதானே ஆன்ட்டி வரும், டிவியிலயே சொன்னானே. பார்த்துக்கலாம்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் போட்ட சத்தத்தில் என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "இப்ப கெளம்பலேன்னா சனிக்கிழமை வரைக்கும் உட்கார்ந்துண்டே தூங்கணும், சம்மதமா?" என்று இந்தியில் கத்தினேன்.  "வண்டியை எடுக்கிறேன்" என்றார் அவர். ஆறாவது ஆள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பவானிபூரில் தனியாக இருப்பவர். அவர் போன் மட்டும் போகவே இல்லை. தேயிலைக்காரரை மறுபடி கூப்பிட்டு அதையும் சொன்னேன்.

மணி ஒன்று இருபத்தைந்து. டயாலிசிஸ் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி, பௌதி வீட்டுக்குள் வைத்தேன். கெட்ட வேளையில் பயணம் போக நேர்ந்தால், நல்ல வேளையிலேயே ஒரு சாமானை வெளியே வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது எங்களில் வழக்கம். பரஸ்தானம் என்போம். சாமான் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பின கணக்கு.

மேலே வந்ததும் அவர் கேட்டார், "கெளம்பினது பைதானே, நான் இல்லையே?"

"பை போனா நீங்க போன மாதிரிதான். சட்டையை மாட்டிக்கோங்கோ."

"அன்னிக்கு இந்த யோசனை வரலையே உனக்கு."

முதல் முறையாக அதைச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.  உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் புயல் நாளில் பை கீழே போகாமல் இருந்திருந்தாலும் நான் கிளம்பியிருப்பேன். ராகு நேரில் வந்து வாசலில் நின்றிருந்தாலும், கொஞ்சம் நகருங்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

ஒன்று நாற்பதுக்குப் படி இறங்கினோம். பௌதி பையை நீட்டி, "துக்கா துக்கா" என்று கும்பிட்டாள். வெளியே போகிறவர்களுக்கு துர்க்கை துணை என்று இந்த ஊரில் சொல்லுவது. அவளுடைய பஞ்சாங்கத்திலும் வியாழன் பிற்பகல் ஆகாதுதான். இருந்தும் வாசல் கதவை அவளே திறந்துவிட்டாள்.

முனையில் ஒரே ஒரு மஞ்சள் டாக்ஸி. டிரைவர் தலையை ஆட்டி வரமாட்டேன் என்றார், வீட்டுக்குப் போகிறாராம். நான் ரேடியோவைச் சுற்றி அவர் காதருகே பிடித்தேன். அதே அறிவிப்பு மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. லாக் கேட் என்றதும் அவர் முகம் மாறியது. தண்ணீரில் இன்ஜின் முழுகினவருக்குத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும். "ரெண்டரையா? அப்படீன்னா உங்களை விட்டுட்டு நான் வீடு போய்ச் சேர்ந்துடலாம். ஏறுங்க, சீக்கிரம்" என்றார்.

இரண்டு ஐந்துக்குச் சென்டர். டெக்னீஷியன் என்னைப் பார்த்து, "நாலு மணிக்கு வரச் சொன்னேனே, மாஷிமா" என்றார். நான் பதில் சொல்வதற்குள் தகரக் கூரையில் மழை இறங்கியது. அவர் நகர்ந்து எங்களுக்கு வழி விட்டார்.

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். இரண்டே காலுக்கு ஒருவர். கொஞ்சம் கழித்து அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். இரண்டரைக்கு இன்னொருவர், சைக்கிள் ரிக்‌ஷாவில், தலையில் பிளாஸ்டிக் பையோடு. எங்களோடு சேர்த்து நாலு பேர் ஆயிற்று. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. சந்தில் தண்ணீர் முதல் படியைத் தொட்டது. நான் வாசலை விட்டு நகரவில்லை. மணி மூன்றாகப் போகும்போது தேயிலைக்காரர் மனைவியோடு வந்தார், தொடை வரை நனைந்து. காரை மெயின் ரோட்டில் மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியை. வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டி அழைத்து வந்திருக்கிறார்.

"ஆறு" என்றேன், வாய்விட்டு. டெக்னீஷியன் ஒரு முறை எண்ணினார், நம்பாமல் மறுபடி எண்ணினார். முந்தைய ஷிப்ட் முடிந்து நாற்காலிகள் காலியானதும் ஆறு பேரையும் ஏற்றினார்கள். ஊசி போட்ட பிறகு என் கணவர் என்னைக் கூப்பிட்டு, "ரேடியோ நெஜமாவே வேலை செய்யறதே" என்றார்.

"ரேடியோ இல்லை, நான்" என்றேன்.

நாலு மணிக்கு சந்தில் இடுப்பளவு தண்ணீர். முந்தைய ஷிப்ட்காரர்கள் வீட்டுக்குப் போக முடியாமல் வராந்தாவில் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம் கைப்பிடியைச் சுற்றினார்கள். தேயிலைக்காரருடைய மனைவி எனக்குக் கண்ணாடித் தம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அரைமணிக்கு ஒரு முறை செய்தி. நான் கேட்டுச் சொன்னதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

எட்டு மணிக்கு மெஷினை எடுத்தார்கள். எடை பார்த்தார்கள், இரண்டு கிலோ எண்ணூறு இறங்கியிருந்தது. தண்ணீர் வடியக் காத்திருக்க வேண்டும் என்றேன். அவர் வராந்தா பெஞ்சில் காலை நீட்டினார். தலையணை கூட இல்லை. மல்லாந்து படுத்தார், கையை நெற்றியில் போட்டுக்கொண்டார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை.

நான் அழுதேன், எல்லோர் எதிரிலும், வெட்கமில்லாமல். அழுது முடிப்பதற்குள் கேட் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்கச் சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் அவர் எழுந்துவிடுவார் என்று, ஒவ்வொருவரிடமும் போய் மெல்லச் சொன்னேன்.