வியாழக்கிழமை வந்த பேட்டரி

என் மனைவி இறப்பதற்கு முந்தைய வருடம் எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் கணினி அறை திறந்தார்கள். அரசாங்க மானியத்தில் வந்த புதுக் கணினிகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மேசைகளில் வரிசையாக இருந்தன. கல்வி இலாகா அதிகாரி பேசி முடித்ததும், முன்வரிசையில் மற்ற ஓய்வுபெற்ற ஆசிரியைகளோடு உட்கார்ந்திருந்த அவள் எழுந்தாள். “பெட்டியெல்லாம் குடுத்துட்டீங்க, ரொம்ப சந்தோசம். கரண்டு பில்லு யாரு கட்டுறது? கெட்டுப்போனா யாரு வந்து பாக்குறது?” கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அதுக்கும் சேர்த்துதாம்மா இந்தத் தடவை ஒதுக்கியிருக்காங்க” என்றார் அதிகாரி. “அப்ப சரிலா” என்று சொல்லி உட்கார்ந்தாள்.

மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அவசரகாலம் அறிவித்திருந்த ஐம்பதுகளில் நான் கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக ஆபீஸ் வேலை பார்த்தேன். அவள் ஜெராம் என்ற கடலோர ஊரிலிருந்து அந்தத் தோட்டப் பள்ளிக்கு வந்த டீச்சர். கல்யாணமெல்லாம் அப்போது நினைப்பிலேயே இல்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ மருந்தோ போய்விடக் கூடாது என்று, பால்மரம் வெட்டப் போகிறவர்களைக் காலையில் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் தோட்டப் பள்ளிகளுக்கு வானொலிப் பெட்டி கொடுக்க ஆரம்பித்தது. வியாழக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கென்று தமிழில் ஒலிபரப்பு உண்டு. பெட்டி இலவசம். ஆனால் பள்ளியில் மின்சாரம் கிடையாது. லோரியில் போடுகிற மாதிரி கனமான பேட்டரி வேண்டும். அதற்கு அரசாங்கம் எதுவும் ஒதுக்கவில்லை. பெட்டி வந்து, துணி போர்த்தி அலமாரியில் உட்கார்ந்தது. பிள்ளைகள் கோயிலுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் அவள் நேராக ஆபீசுக்கு வந்து, “கிராணி, நான் துரையப் பாக்கணும்” என்றாள். தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை லோரிக் கொட்டகையிலிருந்து பழைய பேட்டரி ஒன்றைக் கொடுக்கச் சம்மதித்தார். பட்டணத்துக்குக் கொண்டுபோய் சார்ஜ் செய்வது அவள் பாடு, வழியில் போலீஸ் பிடித்தால் தோட்டம் வந்து நிற்காது என்றும் சொன்னார். “சரிங்க துரை” என்றாள்.

முதல் தடவையே பிடித்தார்கள். சார்ஜ் செய்து திரும்பும்போது சோதனைச் சாவடியில் லோரியை நிறுத்தினார்கள். ஆபீஸ் சாமான் வாங்கப் போயிருந்த நானும் அதே லோரியில்தான் இருந்தேன். சில நாள் முன்பு வேறொரு தோட்டத்துப் பேட்டரி காட்டுக்குப் போய்விட்டதாம். என்னைப் போகச் சொல்லிவிட்டு அவளைப் பக்கத்து ஸ்டேஷனுக்குள் கூட்டிப் போனார்கள். சந்தேகம் என்றாலே விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கக்கூடிய காலம். நான் லோரியை அனுப்பிவிட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

உள்ளே மலாய் இன்ஸ்பெக்டர், பேட்டரி பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது என்று எப்படி நம்புவது என்று கேட்டார். ஜெராம் மீன்பிடிக் கம்பத்தில், மலாய்க் கிராமத்து மக்களோடு வளர்ந்தவள், மலாய் தண்ணீர்பட்ட பாடு. “துவான், வியாழக்கிழமை காலையில பள்ளிக்கூடத்துக்கு வாங்க. பெட்டி பேசலன்னா என்னைப் புடிச்சுக்கிட்டுப் போங்க” என்றாள். கடைசியில் அவர் அவளை விட்டார். பேட்டரியை விடவில்லை. “பேட்டரி இல்லாம பெட்டி எப்படி துவான் பேசும்?” என்று வாசலில் நின்று கேட்டாள். அவர் பேட்டரியை உள்ளே எடுத்துவைக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை பள்ளி வாசலில் ஜீப் வந்து நின்றது. துப்பாக்கிகளைப் பார்த்ததும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் பெஞ்சுக்கடியில் நுழைந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் பேட்டரியைத் தானே தூக்கி வந்து மேசையில் வைத்தார். பிறகு பிள்ளைகள் உட்காருகிற குட்டைப் பெஞ்சில், முழங்கால் நெஞ்சைத் தொட, உட்கார்ந்தார். அவள் வயர்களை மாட்டினாள். இரைச்சல்தான் வந்தது. பெட்டியின் குமிழைத் திருப்பினாள். மறுபடி இரைச்சல். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்ற நான் ஓரடி உள்ளே வைத்தேன். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். இரைச்சல் அடங்கி, “வணக்கம், குழந்தைகளே!” என்று ஒரு பெண் குரல் வந்தது.

பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று, பெட்டியைப் பார்த்து, “வணக்கம் டீச்சர்!” என்றார்கள். பெஞ்சுக்கடியிலிருந்தும் ஒரு வணக்கம் வந்தது. இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஒரு வார்த்தையும் புரியாமல் கடைசிவரை கேட்டார். பாட்டுக்குப் பிள்ளைகள் கைதட்டியபோது அவரும் தட்டினார். போகும்போது, இனிப் பேட்டரி பட்டணத்துக்குப் போக வேண்டாம், வேலி விளக்குக்காகத் தோட்டத்துக் காவல் சாவடியில் ஓடுகிற ஜெனரேட்டரிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்றார்.

ஜீப் போன பிறகு அவள் படியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். “பெட்டி பேசியிருக்கலன்னா என்ன டீச்சர் செஞ்சிருப்பீங்க?” என்று கேட்டேன்.

“அடுத்த வியாழக்கிழம வாங்கன்னு சொல்லியிருப்பேன் கிராணி.”

மறு ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவை ஜெராமுக்குப் பெண் கேட்க அனுப்பினேன்.